வேப்பிலையும் காபன் சில்லும்

அத்தியாயம் பதினான்கு

நாவற்குடாவில் அந்தப் பங்குனி மாதம் வேப்பங்குழை கட்டாத ஒழுங்கை இல்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் சனம் வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்து, பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் நெருங்கிக் கிடந்தது. அந்த நெருக்கத்தில் அம்மாள் வருத்தம் பரவியது. ஒரு வீட்டுப் படலையில் குழை தொங்கினால் யாரும் உள்ளே போவதில்லை. உள்ளே ஒருவருக்குக் கொப்பளம் போட்டிருக்கிறது, அம்மன் வந்து இருக்கிறாள், தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இராசாத்தியின் வீட்டுப் படலையிலும் குழை தொங்கியது. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை.

மூன்று கிழமைக்கு முந்தி அவளுடைய இளைய மகன் ரூபன் விடியற்புறம் சைக்கிள் பயிற்சிக்கு என்று தேற்றாத்தீவுப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. கல்முனையிலிருந்து சாமான் ஏற்றி வந்த காத்தான்குடிச் சைக்கிள் கடை மஜீட் நானா, மதகோரம் அவனுடைய சைக்கிள் கிடப்பதைக் கண்டு லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு சில்லும் மிதிபட்டு நெளிந்திருந்தன. பக்கத்துக் கடைக்காரன் ஒரு வேன் நின்றதாக மட்டும் சொன்னானாம். என்ன நிறம், யாருடையது என்று கேட்டதற்குக் கடையை இழுத்துப் பூட்டிவிட்டானாம்.

பொலிசில் எழுதிக்கொண்டார்கள். செஞ்சிலுவைக் கந்தோரில் எழுதிக்கொண்டார்கள். "சத்தம் போடாம இருந்தா விட்டிருவாங்கள்" என்று அந்தக் கந்தோர் வாசலில் ஒரு நல்ல மனிதர் இராசாத்தியின் காதில் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே அவள், ரூபனுக்கு அம்மாள் என்று குழை கட்டினாள்.

ஒழுங்கைக்குத் தெரிந்தால் ஒரு மணித்தியாலத்தில் சுவிசுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். சுவிசில் இருக்கும் மூத்தவன் தயாபரனுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் இராசாத்தியின் முழுப் பயமும். தகப்பன் கனகசிங்கம் செத்தபோது வரமுடியாமல் ரெலிபோனில் குழறியவன் அவன். "இனி நம்மட வீட்டில ஒண்டு நடந்தா, பிடிச்சாலும் பரவாயில்ல, நான் வந்திருவன்" என்று அன்றைக்கே சொல்லிவைத்தான். சொன்னால் செய்கிறவன். படை முகாமிலிருந்து தப்பிச் சுவிசுக்குப் போனவனுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு வீடு வந்துசேர வழியில்லை.

ஆகையால் மகள் வதனியைக் கண்ணகை அம்மன் கோயில் வேம்பைத் தொட்டு, அண்ணனுக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ண வைத்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், தயாபரன் தருவதாகச் சொன்ன சில்லுப் பேச்சு வராமல் இருந்திருந்தால்.

*

"இண்டைக்கு அண்ணன் ரெலிபோன் எடுக்கக்குள்ள என்ன சொல்லுவ?" என்று இராசாத்தி மகளைக் கேட்டாள்.

"தலைக்குத் தண்ணி வாத்தாச்சு, ஆனா இன்னும் எழும்பி நடக்க ஏலாது எண்டு."

"எத்தினையாம் தண்ணி?"

"ரெண்டாந் தண்ணி."

"அடி போகா! போன ஞாயிறே ரெண்டாந் தண்ணி சொல்லியாச்சு. இண்டைக்கு மூண்டாந் தண்ணி." இராசாத்தி பழைய குழையை அவிழ்த்துப் புதிய குழையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாடிய குழை தொங்கினாலும் சனம் சந்தேகப்படும். "அம்மன்ட பேரைச் சொல்லிப் பொய் சொல்லுறம். அதையாவது ஒழுங்காச் சொல்லு."

 மூன்று கிழமையாக வீட்டில் ஒன்றும் பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. அம்மாள் கண்ட வீட்டில் எண்ணெய் மணம் எழும்பக்கூடாது. இல்லாத வருத்தத்துக்கு இரண்டு பேர் பத்தியம் காத்தார்கள். அவித்ததும் கஞ்சியும் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது.

"மூண்டாந் தண்ணி வாத்தா மறுகா என்னம்மா சொல்லுற? அம்மாள் இறங்க வாக்கிறது மூண்டு தண்ணிதானே, நாலாந் தண்ணி இல்லையே."

இராசாத்தி கயிற்றின் முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கினாள்.

உள்ளறையில் ரூபனின் சைக்கிள் சில்லில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது. சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் தயாபரன் ஊர் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட ரேஸ் சைக்கிள். சித்திரை வருடச் சைக்கிள் ஓட்டங்களில் ரூபனை முன்னுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். கொழும்பில் ஒரு சைக்கிள் கழகம் வைகாசியில் ஆள் எடுக்கிறது, அதில் சேர்ந்தால் அங்கேயே தங்கலாம், இந்த ஊரிலிருந்து ஒரு பொடியன் வெளியே போக அது ஒரு நேர்மையான வழி. அதற்காகத்தான் தயாபரன் தைப்பொங்கலுக்கு வாக்குக் கொடுத்தான்: "தம்பிக்குக் காபன் சில்லு ஒரு சோடி. கடையில தொங்குறது இல்ல. அவன்ட அளவுக்குக் கட்டினது."

தயாபரன் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே ஒரு கிழவர் சில்லுக் கட்டுகிறார். ஓடுகிற ஆளைத் தெரியாமல் அவர் ஒரு கம்பியைக்கூடத் தொடமாட்டாராம். ஆள் எவ்வளவு நிறை, என்ன றோட்டு, காற்று எந்தப் பக்கம், பிறேக் எத்தனை தரம் பிடிக்கிறான் என்று கிழமைக்கொரு கேள்வி வரும். நாளைக்குக் கட்டத் தொடங்குகிறார். இன்றைக்குக் கடைசிப் பதில் வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். வேண்டும் என்று சொன்னால் ரூபன் எங்கே என்று கேட்பான்.

"மஜீட் நானாட்டப் போயிட்டு வாறன்" என்றாள் வதனி.

*

சந்திக் காவலரணில் நின்ற அதிரடிப்படைக்காரன் அவளுடைய சைக்கிளை மறித்தான். ரூபனைத் தெரிந்தவன். முந்தி அவன் பறந்து போகும்போது கைகாட்டுகிறவன்.

"மல்லி எங்க? ரேஸ் மல்லி?" அவர்கள் மொழியில் மல்லி என்றால் தம்பி.

தெரியாமல் கேட்கிறானா, தெரிந்துகொண்டு கேட்கிறானா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வதனி கூடைக்குள் கிடந்த வேப்பங்கொப்பை எடுத்துக் காட்டினாள்.

அவன் சட்டென்று ஓரடி பின்னுக்குப் போனான். "தெய்யன்கே லெட?" என்றான். அவர்களுக்கும் அது தெய்வத்தின் வருத்தந்தான். தொப்பியைக் கழற்றாத குறையாகத் தலையைக் குனிந்து, கூடையைப் பார்க்காமலேயே போகச் சொல்லிக் கைகாட்டினான்.

இந்தப் பொய்க்கு எல்லாப் படலையும் திறக்கிறது, அவளுக்குள் கிடக்கும் ஒன்றைத் தவிர.

*

"வா தங்கச்சி, வா" என்றார் மஜீட் நானா. கடைக்குள் யாருமில்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "ஏதும்…?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் பெருமூச்சு விட்டு, பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

பொலிசையும் கந்தோரையும் விட்டால், வீட்டுக்கு வெளியே விசயம் தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்ததை அவர் மனைவி கைறுன்னிஸாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அது அவரைப் பொறுத்தவரை பெரிய தியாகம்.

"இண்டைக்குச் சில்லுக்குப் பதில் சொல்லணும் நானா. றிம் எவ்வளவு உயரம் வேணுமாம்?"

இதைக் கேட்டதும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. எத்தனை துக்கத்திலும் சைக்கிள் பேச்சு என்றால் அவருக்கு ஒரு வெளிச்சம் வரும். "ஐம்பது மில்லிமீற்றர்! மூண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பு றிம். ஓடக்குள்ள ஊ… எண்டு ஒரு சத்தம் வரும் பாரு, மட்டக்களப்பே திரும்பிப் பாக்கும்."

"மட்டக்களப்பு திரும்பிப் பாக்கத் தேவையில்ல. கல்லடிப் பாலத்தில வாவிக் காத்து அடிச்சா அந்த உயர றிம் ஆளையும் சேத்துத் தள்ளிரும். ரூபன் சொன்னவன்."

"அது ஓம்தான்" என்று தலையைச் சொறிந்தார். "அப்ப பதிஞ்ச றிம். முப்பது. ஆனா வடிவில்ல."

"ரியூப் போடுறதா, ரயரைப் பசை போட்டு ஒட்டுறதா?"

"ஒட்டுறதெண்டா பசைக்கு எங்க போற? நான் இஞ்ச ரியூப் எடுக்கிறதுக்கே பத்துப் பேருக்குப் பதில் சொல்லணும். ரியூப் போடுறதே சொல்லு. மறுகா, காபனுக்கெண்டு வேற பிறேக் கட்டை வரும். ஒரு சோடி காணாது, நாலு சோடி கேளு. அங்க மலை இறங்கத்தான் பிறேக் பிடிப்பான். நம்மட ஊர்ல தட்டையான றோட்டில சென்றிக்குச் சென்றி மறிக்கிறாங்கள், அங்கயெல்லாம் பிடிக்கணும். கட்டை தேஞ்சு போயிரும்."

வதனிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு. 

"கம்பி எத்தின?"

"அது ஆள்ட நிறையைப் பொறுத்தது. ரூபன் எத்தின கிலோ?"

"அறுபத்துநாலு. ஆனா அம்மாள் வருத்தமெண்டு சொல்லி வச்சிரிக்கம். மெலிஞ்சிருப்பான், தண்ணி வாத்த பிறகு நிறுத்துச் சொல்லு எண்டு அண்ணன் நிக்கிறார். சரியான நிறை இல்லாமக் கிழவர் கட்டமாட்டாராம்."

"அறுபதெண்டு சொல்லிவிடு."

அறுபது. சொல்லலாம். ஆனால் சொல்ல நினைக்கும்போதே ரூபனின் உடம்பு அவள் கண்ணில் வந்தது. எங்கே இருக்கிறான், என்ன தின்கிறான், தின்னத் தருகிறார்களா, நிறை என்று ஒன்று அவனுக்கு இப்போது இருக்கிறதா? அறுபது என்பது அவள் வாயிலிருந்து எடுத்துப் போடும் எண்தான். அந்த எண்ணுக்கு ஒரு கிழவர் ஊரெல்லாம் தாண்டியிருந்து கம்பி எண்ணி முறுக்கப்போகிறார்.

மஜீட் நானா பக்கத்தில் கிடந்த நெளிந்த பழைய றிம்மை உருட்டியபடி, யாரிடமும் இல்லாததுபோலக் கேட்டார்: "தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாத. சில்லு வந்திறங்கினா… ஆருகா ஓடுற?"

கடைக்கு வெளியே ட்ரக் ஒன்று போனது. 

ரூபன் சில்லு நேராக்கும்போதெல்லாம் முன்னால் குந்தியிருந்து பிடித்தவள் அவள். அவன் பயிற்சி முடிந்து வந்தால் ஒழுங்கையில் இரண்டு சுற்று அவளுக்கு. தாய் காணாத நேரமாகப் பார்த்துக் கடற்கரை றோட்டில் ஒருமுறை அவனை முந்தியிருக்கிறாள். "சும்மா விட்டனான்" என்று அவன் சாதித்தான். விடவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பக்கத்து அரிசிக் கடை வாசலில் மூடை நிறுக்கும் தராசு நின்றது. வதனி எழும்பிப் போய் அதன் தட்டில் ஏறி நின்றாள்.

"என்னகா செய்யிற?"

"நிறுங்க நானா."

அவர் அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் படிகளை எடுத்து வைத்தார், ஒன்றை எடுத்தார், சின்னதை வைத்தார்.

"நாப்பத்தெட்டு" என்றார். பிறகு, "நீயும் நல்லா மெலிஞ்சு போயிட்டாய்" என்றார்.

*

நாலு மணிக்கு ரெலிபோன் அடித்தது. இராசாத்தி சாமித் தட்டுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வந்து வதனியின் தோளோடு ஒட்டி நின்றாள். ரெலிபோனில் எதையும் நேராகச் சொல்லக்கூடாது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாத காலம்.

"தங்கச்சி, நான் கிழவர்ட கடைக்குள்ளதான் நிக்கிறன். எல்லாம் எடுத்து வச்சிற்றார். டக்குடக்கெண்டு சொல்லு. றிம்?"

"பதிஞ்சது. முப்பது."

"சரியாச் சொன்னாய்! கிழவரும் அதைத்தான் சொன்னவர். ரயர்?"

"ரியூப் போடுறது. பிறேக் கட்டை நாலு சோடி. கம்பி கொஞ்சம் கூடுதலா வைக்கச் சொல்லுங்க, இஞ்ச எடுக்க ஏலாது."

"எழுத்து? றிம்மில ஆள்ட பேரைப் போட்டுத் தருவாராம். சும்மாதான். வெள்ளை எழுத்தில ரூபன் எண்டு…"

"வேணாம்!" அவளுக்கே அந்தச் சத்தம் கூடிப்போனது போலிருந்தது. "பேர் வேணாம் அண்ணன். சென்றியில வாசிப்பாங்கள்."

அந்தப் பக்கம் சில்லொன்று சுழலும் மெல்லிய கிரிகிரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவன்ட்டக் குடு."

"படுத்திருக்கான்."

"படுத்தபடி கதைக்கட்டும். மூண்டு கிழமையா என்ன அம்மாள்? எனக்கும் வந்தது, உனக்கும் வந்தது. ரெண்டு கிழமையில எழும்பி வாவியில குளிக்கப் போனம்."

இராசாத்தி ரெலிபோனைப் பறித்தாள். "மனே, இண்டைக்குத்தான் மூண்டாந் தண்ணி வாத்த. தலை ஈரம். குளிர் பிடிச்சிரும் எண்டு நான்தான் படுக்க வச்ச. நீ நல்லாச் சாப்பிடுறியா? குளிரா?" ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்ப மகளின் கையில் திணித்தாள். 

"சரி" என்றான் தயாபரன். குரல் இறங்கியிருந்தது. "நிறையை மட்டும் சொல்லு. கிழவர் கம்பியைக் கையில வச்சிற்று நிக்கிறார். நிறுத்ததா, இல்லையா?"

"நிறுத்தது."

"எத்தின?"

அறுபது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். சத்தியம் இருக்கிறது. ஒரு சின்ன எண். ஆனால் இல்லாதவனுக்கு ஒரு நிறையைச் சொல்லிவிட்டால், அவனை அவளே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

"நாப்பத்தெட்டு" என்றாள்.

சில்லின் சத்தம் நின்றுவிட்டது. அங்கே யாரோ அதைக் கையால் பிடித்திருக்க வேண்டும்.

"நாப்பத்தெட்டா?" என்றான் மெதுவாக. "அது ஆர்ர நிறை, வதனி?"

"ஓடப் போற ஆள்ட."

தயாபரன் வேறு மொழியில் யாருக்கோ இரண்டு சொல் சொன்னான். கிழவரின் குரல் பதில் சொன்னது. பிறகு மறுபடி தமிழ். அந்தத் தமிழில் ஓர் ஈரமும் இல்லை.

"முன்னுக்கு இருபது கம்பி, பின்னுக்கு இருபத்துநாலு. அந்த நிறைக்கு அது போதுமாம்." பிறகு, "எப்ப இருந்து?" என்றான்.

"குழை கட்டின நாள்ள இருந்து."

"அம்மா பக்கத்திலயா?"

"ஓம்."

"அழாத. சிரி. அம்மாக்குக் கேக்கச் சிரி."

வதனி சிரித்தாள். இராசாத்தி அவள் முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்தாள். நிறையும் நாளும் வருத்தக் கணக்கென்றும், மூத்தவன் ஏதோ பகிடி விட்டிருக்கிறான் என்றும் நினைத்திருப்பாள்.

"கட்டி முடிக்க ரெண்டு கிழமை" என்றான் தயாபரன். "காபன் சில்லு. பார்சலில போட்டா அங்க உடைச்சுப் பாப்பாங்கள். பார்சலில அனுப்பல்ல. நானே கையில கொண்டு வாறன்."

"அண்ணன், வேணாம்…"

"நல்லாச் சிரிக்கிறாய். அப்படியே இரு." ரெலிபோன் வைக்கப்பட்டது.

அவள் வைக்காமல் காதோடு பிடித்தபடி நின்றாள். ஒன்றும் கேட்காத ரெலிபோனுக்கு, "ஓம் அண்ணன். ஓம். சரி" என்றாள். பிறகு வைத்தாள்.

*

இராசாத்திக்கு உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. படலைக்குப் போய்க் குழையை அவிழ்த்தாள். "மூண்டாந் தண்ணி வாத்தாச்செண்டு என்ட வாயாலயே சொல்லிற்றன். இனித் தொங்கினாத்தான் சனம் கதைக்கும்" என்றாள். அடுப்பில் தாச்சியை வைத்து எண்ணெயை ஊற்றினாள். கருவாடு பொரியும் மணம் மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டை நிறைத்து, ஒழுங்கைக்கும் போனது.

போன மணத்துக்குப் பதில் உடனே வந்தது. வேலிக்கு அப்பாலிருந்து இலட்சுமிப்பிள்ளை மாமி கூப்பிட்டாள்:

"இராசாத்தி! தண்ணி வாத்தாச்சா? பொடியன் எழும்பிற்றானா?"

"எழும்பிற்றான் மச்சாள்!" என்றாள் இராசாத்தி, கரண்டியோடு. "நல்லா எழும்பிற்றான்."

"அப்ப நாளைக்கு வந்து பாக்கிறன்கா."

கரண்டி ஒருமுறை தாச்சியில் தட்டி நின்றது. பிறகு மறுபடி பிரட்டியது.

வதனி உள்ளறைக்குள் போய், சில்லில்லாத சைக்கிளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். சில்லு வரவேண்டிய இடங்கள் இரண்டும் வெறுமையாக இருந்தன. இந்த வீட்டில் இதுவரை இரண்டு பேர் சேர்ந்து ஒருவனிடம் ஒன்றை மறைத்தார்கள். இனி அவள் தனியே, தாயிடம் ஒன்றை மறைக்க வேண்டும். சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால், தடுக்க யாருமில்லாமல் அண்ணன் கட்டுநாயக்காவில் வந்து இறங்குவான்.

"புள்ள" என்று குசினியிலிருந்து இராசாத்தி கேட்டாள். "சில்லு எப்ப வருமாம்?"

"ரெண்டு கிழமையில."

"பார்சலிலதானே?"

கருவாட்டு மணம் அறைக்குள் வந்து கண்ணைக் கரித்தது.

"ஓம்மா" என்றாள் வதனி. "பார்சலிலதான்."